டிராக்டரின் ரேடியேட்டர் மூடியும் குளிர்ச்சி நீரும்

நமது கிராமக் கூட்டுறவுச் சங்கங்களிற் பல, உழவுக்கும் அறுவடைக்கும் வேண்டிய யந்திரங்களை வாங்கி அங்கத்தினர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டு வருகின்றன. சொந்தத்தில் டிராக்டர் வாங்க இயலாத சிறு குடியானவர்களுக்கு இதனால் விளையும் நன்மையை இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. அந்த யந்திரம் பருவகாலத்தில் நின்றுபோகாமல் ஓடவேண்டுமென்பதே அங்கத்தினர் எல்லாருடைய கவலையுமாகும். அது நின்றுபோவதற்குரிய காரணங்களுள், மிகச் சுலபமாகத் தடுக்கக்கூடியதும் மிக அதிகமாக அசட்டை செய்யப்படுவதுமான ஒன்றைப்பற்றி இவ்வியாசத்திற் கூறுவோம். ரேடியேட்டரின் வாயை மூடியிருக்கும் உள்ளங்கையளவுகூட இல்லாத மூடியும், அதன் கீழுள்ள நீருமே அது.

காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள ஒரு சங்கத்தில் நடந்ததை முதலிற் சொல்லுகிறோம். அச்சங்கத்து டிராக்டரின் ரேடியேட்டர் மூடியில் ரப்பர் வளையம் வெடித்து, தினந்தோறும் ஒரு செம்பு நீர் குறைந்துகொண்டிருந்தது. டிரைவர் அதைக் கண்டு காரியதரிசியிடம் சொன்னார். புது மூடியின் விலை சில நூறு ரூபாய்க்கு மேற்படாது. ஆயினும் அதற்கு நிர்வாக சபையின் அநுமதி வேண்டுமென்றும், அடுத்த கூட்டம் வரையில் பொறுத்திருக்கலாமென்றும் முடிவாயிற்று. டிரைவரும் அருகிலிருந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றி ஊற்றி ஓட்டி வந்தார். நடவு நெருக்கடியில், சேற்றுழவு நடந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், உஷ்ணமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. அவர் யந்திரத்தை நிறுத்தி, தோளிலிருந்த துண்டை மடித்து வைத்துக்கொண்டு மூடியைத் திருகினார். மூடி பறந்தது. கொதிநீரும் ஆவியும் அவர் முகத்திலும் முன்கையிலும் அடித்தன. கண் தப்பியது தெய்வாதீனம். எஞ்சினின் சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் கேஸ்கட்டும் எரிந்துபோயிருந்தது. மூன்று வாரம் டிராக்டர் பட்டறையில் நின்றது. அதற்குள் நாற்று முற்றிவிடுமென்று அஞ்சி, அங்கத்தினர்கள் வெளியார் டிராக்டர்களை அதிக வாடகை கொடுத்து அமர்த்திக்கொண்டார்கள். சபை கூடியபொழுது, மூடியின் விலைக்குப் பதிலாகப் பட்டறைப் பில்லும் ஆஸ்பத்திரிச் செலவும் அதன் முன் வந்தன.

டிரைவரின் அவசரமே எல்லாவற்றிற்கும் காரணமென்று சிலர் பேசினார்கள். அது நியாயமன்று. குறையை முதலிற் கண்டு சொன்னவர் அவரே. அந்த மூடிக்குள் அடங்கியிருக்கும் அழுத்தம் எத்தகையது என்பதை அவருக்கு எடுத்துரைத்தவர் ஒருவருமில்லை.

மூடி செய்யும் வேலை

டீசல் எரிவதால் உண்டாகும் உஷ்ணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உழவு வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு போய்விடும். எஞ்சியதிற் பெரும்பகுதியை, சிலிண்டர்களைச் சுற்றி ஓடும் நீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குச் சென்று, அங்கே சன்னமான குழாய்களின் வழியே இறங்கும்போது விசிறிக் காற்றில் விட்டுவிட்டு மறுபடியும் எஞ்சினுக்குத் திரும்புகிறது. இச்சுழற்சி தடைப்பட்டாலும், சுழலும் நீர் குறைந்தாலும், சில நிமிஷங்களுக்குள் எஞ்சின் கெடத் தொடங்கும்.

பழைய மோட்டார் வண்டிகளில் ரேடியேட்டர் மூடி வெறும் மூடியே. 1908 முதல் 1927 வரையில் அமெரிக்காவில் ஏராளமாகச் செய்யப்பட்ட போர்டு ‘மாடல் டி’ வண்டியில் நீரைத் தள்ளுவதற்குப் பம்புகூடப் பொதுவாக இராது. சூடான நீர் மேலேறுவதும் குளிர்ந்த நீர் கீழிறங்குவதுமாகிய இயற்கைச் சுழற்சியே அதற்குப் போதுமானதாயிருந்தது. ஏற்றத்தில் நீர் கொதித்தால் வண்டியை நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டு, மூடியைத் திறந்து தண்ணீர் வார்ப்பார்கள். அக்காலத்துப் பழக்கம் பட்டறைகளில் வழிவழியாக வந்து, ரேடியேட்டர் மூடியைச் சோற்றுப்பானை மூடிபோல் திறக்கலாமென்னும் எண்ணம் இன்றும் சிலரிடம் இருந்து வருகிறது. இப்போதைய மூடியோ முற்றிலும் வேறான ஒரு கருவி.

நமது வீடுகளில் உபயோகிக்கும் குக்கரை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. குக்கரில் ஆவியை வெளியே விடாமல் அழுத்தி வைப்பதால், 120 டிகிரியை ஒட்டியே கொதி வருகிறது. அவ்வண்ணமே ரேடியேட்டர் மூடியும் உள்ளே ஒரு ஸ்பிரிங்கினால் தன் ரப்பர் வளையத்தை வாய்க்குள் அழுத்திக்கொண்டிருக்கிறது. மூடியின் மேல் 0.9 என்றோ, 90 என்றோ, 13 என்றோ பொறித்திருப்பதைப் பார்க்கலாம். முதலாவது பார் கணக்கு, இரண்டாவது கிலோபாஸ்கல் கணக்கு, மூன்றாவது சதுர அங்குலத்திற்கு இத்தனை பவுண்டு என்னும் கணக்கு. மூன்றும் ஏறத்தாழ ஒரே அழுத்தமே. அத்தகைய மூடி சரியாயிருந்தால் வெறும் நீர்கூட 118 டிகிரி வரையில் கொதியாது. சித்திரை வெயிலில் ரோட்டவேட்டரை இழுக்கும் டிராக்டருக்கு இந்த 18 டிகிரிதான் காப்பு. ரப்பர் வளையம் வெடித்துவிட்டால் அந்தக் காப்பு அடியோடு போய்விடும்.

மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. எஞ்சின் சூடேறும்போது நீர் பெருகுகிறது. 10 லிட்டர் நீர் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் 300 மில்லி லிட்டருக்கு மேல் அதிகமாகும். அழுத்தம் வரம்பைக் கடந்தவுடன் பெரிய வால்வு ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு திறந்து, மிகுதியான நீரைப் பக்கத்துக் குழாய் வழியே சேமிப்பு டப்பாவுக்கு அனுப்பும். இரவில் எஞ்சின் ஆறி நீர் சுருங்கும்போது, நடுவிலுள்ள சிறு வால்வு உட்புறமாகத் திறந்து அந்நீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். சிறு வால்வு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் மேல் ரப்பர் குழாய் காலையில் சப்பையாய் ஒட்டிக் கிடக்கும். குழாய் பழசாகிவிட்டதென்று எண்ணி அதை மட்டும் மாற்றுவோர் உண்டு. மூடியை மாற்றாமல் குழாயை மாற்றினால், புதுக் குழாயும் சில நாளில் அப்படியே ஆகும்.

சூட்டில் திறத்தல் ஆகாது

உள்ளே 110 டிகிரியிலிருக்கும் நீர், அழுத்தம் இருக்கும் வரையில் அசையாமலிருக்கும். மூடியைத் திறந்த கணமே அது கொதிநிலைக்கு மேலுள்ள நீராகிவிடுகிறது. அதில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு உடனே ஆவியாக மாறும். ஐம்பதில் ஒரு பங்குதானே என்று நினைக்கலாகாது. ஒரு லிட்டர் நீரிலிருந்து இவ்வாறு எழும் ஆவி மட்டும் சுமார் 30 லிட்டர் இடத்தை அடைக்கும். அது தன்னோடு கொதிநீரையும் வாரிக்கொண்டு வாய்வழியே பீறிடும். துண்டோ சாக்கோ இதைத் தடுக்கமாட்டா.

ஆகையால், முள் சிவப்பை எட்டினால் முதலில் பாரத்தை நீக்கவேண்டும். நீர் ஒழுகவில்லை, பேன் பெல்ட்டும் அறவில்லை என்றால், இரண்டொரு நிமிஷம் எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் விட்டால் விசிறியும் பம்பும் சூட்டைக் குறைக்கும். ஆவி சீறினாலும் பெல்ட் அறுந்திருந்தாலும் உடனே நிறுத்தி விடுக. பிறகு குறைந்தது அரைமணி நேரம் அருகிற் போகாமல் காத்திருக்கவேண்டும். மேல் ரப்பர் குழாயைத் தொட்டால் கை பொறுக்கும்படியும், அமுக்கினால் இளகிக் கொடுக்கும்படியும் இருந்தாலொழிய மூடியின் மேல் கை வைக்கக் கூடாது. அதன்பின் தடித்த துணியை மூடியின் மேலிட்டு, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, முதல் தடை வரையில் மாத்திரம் திருப்பி நிறுத்தவேண்டும். சீறல் முழுதும் அடங்கிய பின்னரே அழுத்தித் திருப்பி எடுக்கலாம். கொதித்துக் காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் கூடாது, வார்ப்பிரும்பு வெடிக்கும். நடவுக்கு ஆட்கள் வரிசையாய்க் காத்து நிற்கையில் அரைமணி நேரம் பொறுப்பது எளிதன்று என்பதை நாம் அறிவோம். வயலுக்குடைய அங்கத்தினர் டிரைவரை அவசரப்படுத்தாமலிருப்பதே அவ்வேளையில் அவர் செய்யக்கூடிய உதவி.

ஒருவேளை சுட்டுவிட்டால், சுட்ட இடத்தின்மேல் சுத்தமான குளிர்ந்த நீர் 20 நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கும்படி விடவேண்டும். பேனா மை, பற்பசை, மாவு, எண்ணெய் முதலியவற்றைப் பூசுவது புண்ணைக் கெடுத்து வைத்தியருக்கும் இடைஞ்சலாகும். முகம், கண், கை ஆகியவை சுட்டிருந்தால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க.

மூடியைச் சோதிப்பதும் மாற்றுவதும்

வாரத்திற்கொருமுறை, காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது மூடியை எடுத்துப் பார்ப்பது நலம். ரப்பர் வளையம் வெடித்தோ, கல்போல் இறுகியோ, ஆழமான தடம் விழுந்தோ இருந்தால் அது கழிக்கத்தக்கது. ஸ்பிரிங் துருவேறித் தளர்ந்திருந்தாலும் அப்படியே. நடு வால்வை நகத்தால் மெல்ல இழுத்துவிட்டால் தானே திரும்பி ஒட்டவேண்டும். ரேடியேட்டர் வாயின் உள்விளிம்பில் உப்போ பள்ளமோ இருந்தால் எந்த மூடியும் சரியாய் உட்காராது என்பதால் அதையும் துடைத்துப் பார்க்கவேண்டும். மூடியைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ கறை படிந்திருப்பது, நீர் அவ்வழியே கசிகிறது என்பதற்கு அத்தாட்சி. பெரிய பட்டறைகளில் கைப்பம்பு போன்ற ஒரு சோதனைக் கருவியால் மூடி எவ்வளவு அழுத்தத்திற்குத் திறக்கிறதென்று சில நிமிஷங்களில் அளந்து சொல்லிவிடுவார்கள்.

புது மூடி வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துச் சென்று, அழுத்த எண்ணையும், உட்புற வளையம் இறங்கும் ஆழத்தையும், விட்டத்தையும் ஒப்பிட்டு வாங்கவேண்டும். அதிக அழுத்தமுள்ள மூடி அதிக நல்லதென்று சிலர் எண்ணுகிறார்கள். அது ரப்பர் குழாயையோ ரேடியேட்டரின் பற்றவைப்பையோ பிளந்துவிடும். குறைந்த அழுத்தமுள்ளதைப் போட்டால் நீர் முன்னமே கொதிக்கும். கந்தலைச் சுற்றி அடைத்து ஓட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

எந்த நீரை ஊற்றுவது?

ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீரும் ஒன்றுதானென்பது பெருந்தவறு. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாய்ப் படியும் உப்புப் பொருக்கை எல்லாரும் கண்டிருக்கிறோம். கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் கரைந்துள்ள சுண்ணாம்பு உப்புக்கள், எஞ்சினுக்குள்ளும் அவ்வாறே சிலிண்டர்களைச் சுற்றிப் படிகின்றன. ஒரு மில்லிமீட்டர் பொருக்கு, சுமார் ஓர் அங்குல கனமுள்ள வார்ப்பிரும்பைப்போல் உஷ்ணத்தைத் தடுக்கும். நீர் நிறைய இருந்தும், மூடி புதிதாயிருந்தும், எஞ்சின் சூடேறிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் இப்பொருக்கே காரணமாயிருக்கும். நாள்தோறும் நீர் குறைய, நாள்தோறும் உப்புநீர் ஊற்றிவந்தால், ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். மேலே சொன்ன சங்கத்தில் வெடித்த மூடி செய்த கேட்டில் ஒரு பாதி இதுவே. கடலோரக் கிராமங்களின் உவர்நீர் இன்னும் கொடியது. அது உலோகத்தையே அரிக்கும்.

பாட்டரிக்கு ஊற்றும் வாலைநீரே உத்தமம். அது கிடையாத அவசரத்தில், கூரை நன்றாகக் கழுவப்பட்ட பிறகு பிடித்துத் துணியில் வடித்த மழைநீரைக் கையாளலாம். தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டிலிருந்து கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், சங்கக் கட்டடத்திலேயே இரண்டொரு கேன் பிடித்து வைத்துக்கொள்வது கடினமன்று. ஆனால் மழைநீரில் பொருக்குப் படியாதேயன்றி, அதுவும் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகையால் எந்த நீரானாலும் அதனோடு கூலன்ட் சேர்ந்திருக்க வேண்டும்.

கூலன்ட் என்பது பெரும்பாலும் எதிலீன் கிளைக்கால் என்னும் திரவமும், துருவைத் தடுக்கும் மருந்துகளும் சேர்ந்தது. குளிர்தேசங்களில் நீர் உறைந்து எஞ்சினைப் பிளக்காமலிருக்க அதைச் சேர்த்தார்கள். நம்மில் உதகமண்டலம் போன்ற உறைபனி விழும் மலைப்பகுதிகளுக்கன்றி அந்தப் பயன் தேவையில்லை. சமவெளியில் நமக்கு வேண்டியவை அதன் மற்ற இரண்டு குணங்களே. பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை ஏறத்தாழ 107 டிகிரிக்கு உயர்கிறது. மூடியின் அழுத்தம் அதன்மேல் சேரும். அதைவிட முக்கியமானது துருத்தடுப்பு. பல டீசல் எஞ்சின்களில் சிலிண்டர் லைனரின் வெளிப்புறத்தை நீர் நேரே தொடுகிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் லைனர் அதிர, நீரில் நுண்ணிய குமிழிகள் தோன்றி அதன்மேல் உடைந்து, நாளடைவில் ஊசி குத்தினாற்போல் துளை விழுந்துவிடுகிறது. கூலன்டிலுள்ள மருந்துகள் லைனரின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து இதைத் தடுக்கின்றன.

கூலன்டை நிறத்தைக் கண்டு வாங்கலாகாது. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். டிராக்டரோடு கொடுத்த புத்தகத்தில் கண்ட வகையையே வாங்கவேண்டும். இரண்டு வகைகளைக் கலந்தால் கூழாகத் திரண்டு குழாய்களை அடைப்பதுண்டு. முன்னமே நீர் கலந்து விற்பதில் மேலும் நீர் கலக்கக் கூடாது. நீர் கலவாத கெட்டிச் சரக்கை அப்படியே ஊற்றுவதும் பிழை. கிளைக்கால் நீரைக் காட்டிலும் குறைந்த உஷ்ணத்தையே சுமக்கும். துருத்தடுப்பு மருந்துகள் காலத்தால் தேய்ந்துபோவதால், புத்தகத்தில் குறித்த கெடுவில் பழையதை முழுதும் வடித்துக் கழுவிப் புதிது நிரப்பவேண்டும். நிரப்பும்போது மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்து வைத்தபடியே எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, உள்ளே தங்கிய காற்று வெளியேறி மட்டம் இறங்கியதும் மறுபடி நிரப்பி மூடவேண்டும். இது ஆறிய எஞ்சினில் தொடங்கிச் செய்யவேண்டிய வேலை.

ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்லவேண்டும். எதிலீன் கிளைக்கால் கொடிய விஷம். ஆனால் ருசியோ தித்திப்பு. சுமார் 100 மில்லி லிட்டர் உட்கொண்டால் வளர்ந்த ஆள்கூட இறக்கக்கூடும்; குழந்தைக்கு அதிற் சிறு பங்கே போதும். நாயும் ஆட்டுக்குட்டியும் கன்றும் தரையிற் சிந்தியதை நக்கும். பழைய கூலன்டைக் கொட்டகை வாசலிலோ வாய்க்காலிலோ திறந்துவிடுவது எவ்விதத்திலும் தகாது. சோடா, பழரசப் பாட்டில்களில் அதை ஊற்றி வைப்பதும் பேராபத்து. யாராவது குடித்துவிட்டால், முதலில் குடிவெறிபோன்ற மயக்கந்தான் தோன்றும். பிறகு இரண்டொரு நாளில் சிறுநீரகம் கெடும். முறிவு மருந்து உண்டு; ஆனால் அது உடனே கொடுக்கப்பட்டால்தான் பயன். ஆகவே, தெளிந்துவிடுவாரென்று காத்திராமல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

மற்றவை

சூடேறும் டிராக்டரில் தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது நமது பட்டறைகளில் சாதாரணம். 80 டிகிரியை ஒட்டிய சூட்டில் திறந்து, அதற்கு முன் நீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் கதவு அது. அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டை அடையாமலே ஓடி, டீசல் வீணாவதோடு சிலிண்டரும் சீக்கிரம் தேயும். பழுதானால் மாற்றவேண்டுமேயன்றி நீக்குவது பரிகாரமன்று.

அறுவடைக் காலத்தில் பதரும் வைக்கோல் தூசும் ரேடியேட்டரின் சன்னத் தகடுகளுக்கிடையே அடைத்துக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தி, விசிறிப் பக்கத்திலிருந்து வெளிநோக்கிக் காற்றோ மெல்லிய நீரோ செலுத்தி நாள்தோறும் நீக்கவேண்டும். வேகமான நீர் தகடுகளை வளைத்துவிடும். எஞ்சின் எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் வெளுத்திருந்தால் நீர் அதில் இறங்கிவிட்டதென்று அறிந்து, டிராக்டரை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்கவேண்டும்.

மேற்சொன்ன சங்கத்தார் பிற்பாடு ஒரு தீர்மானம் செய்தார்கள். குறிப்பிட்ட தொகைக்குள் யந்திர உதிரிச் சாமான்களைச் சபையின் முன்னநுமதியின்றிக் காரியதரிசியே வாங்கி, அடுத்த கூட்டத்தில் கணக்குக் காட்டலாம் என்பது அது. அதன்படி ஒரு தகரப் பெட்டியில் ரேடியேட்டர் மூடி ஒன்று, பேன் பெல்ட் ஒன்று, மேலும் கீழும் மாட்டும் ரப்பர் குழாய்கள், ஐந்து லிட்டர் கூலன்ட் ஆகியவற்றை வாங்கி வைத்தார்கள். வாடகைப் புத்தகத்தில் மணிக்கணக்கோடு, காலையில் நீர் எவ்வளவு குறைந்திருந்தது என்பதற்கும் ஒரு கட்டம் வரைந்தார்கள். புண் ஆறித் திரும்பிவந்த டிரைவரே அதை எழுதி வருகிறார். பெட்டியின் சாவி ஆபீஸில் தொங்குவதில்லை, அவரிடமே இருக்கிறது.